‘சதர்ன் கிராஸ்’ படக்கதையில் வருவது உண்மையில் நடந்ததா?

கேட்கப்பட்ட கேள்வி இது: லாரன்ஸ் ஹைட் என்பவர் மரத்தில் செதுக்கி அச்சிட்ட ‘சதர்ன் கிராஸ்’ என்ற படப் புத்தகத்தைப் பார்த்தேன், உள்ளே ஒரு வசனம்கூட இல்லை, அமெரிக்கக் கடற்படை ஒரு தீவின் மக்களை வெளியேற்றிவிட்டு அணுகுண்டு வெடிக்கிறது, ஒரு குடும்பம் மட்டும் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. இது நிஜக் கதையா, ஏன் வார்த்தையே இல்லை, பத்து வயதுப் பையனிடம் கொடுக்கலாமா?

முதல் கேள்விக்கு நேரான பதில்: அப்படியே நடக்கவில்லை. 1946 ஜூலையில் பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவுகளின் பிகினியில் குண்டு வெடித்தபோது அந்த மண்ணில் தீவுக்காரர் ஒருவரும் இல்லை, எல்லோரையும் நான்கு மாதம் முன்பே கப்பலேற்றிவிட்டார்கள். புத்தகத்தில் வரும் மீனவக் குடும்பம் ஹைட்டின் கற்பனை. ஆனால் அந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது, அது எங்கே நிஜத்தைத் தொட்டது, எங்கே நிஜம் அதைவிடக் கொடுமையாக இருந்தது என்பதைச் சொல்லாமல் "நடக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். அதனால்தான் பதில் நீளப்போகிறது.

ஹைட் 1914-ல் இங்கிலாந்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு கனடா போனவர். 1942-லிருந்து கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் வேலை. பிகினி சோதனைகள் மேல் அவருக்கு வந்த கோபம்தான் இந்தப் புத்தகம். 1948-ல் ஆரம்பித்து மூன்று வருடம் செதுக்கியிருக்கிறார். 118 படங்கள். 1951-ல் வெளிவந்தது, முன்னுரை எழுதியவர் அமெரிக்க ஓவியர் ராக்வெல் கென்ட். வருடத்தைக் கவனியுங்கள். கொரியப் போர் நடக்கிறது, அமெரிக்காவில் யாரைப் பார்த்தாலும் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தும் காலம், இதே கென்ட்டுக்குச் சில ஆண்டுகளில் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அமெரிக்க அணுகுண்டைக் கண்டித்து ஒரு புத்தகம், அதுவும் லாஸ் ஏஞ்சலீஸ் பதிப்பகம் ஒன்றிலிருந்து.

வார்த்தையில்லா நாவல் என்ற வடிவம் அவர் கண்டுபிடித்தது இல்லை. முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் பெல்ஜியத்தின் ஃபிரான்ஸ் மாசரீல் தொடங்கினார், 1929-ல் அமெரிக்காவின் லிண்ட் வார்ட் அதைப் பிரபலமாக்கினார். 1940-களிலேயே அந்த மோகம் ஓய்ந்துவிட்டது. எல்லோரும் கைவிட்ட பிறகு ஹைட் அதை எடுத்திருக்கிறார். அவருடைய ஒரே வார்த்தையில்லா நாவலும் இதுதான்.

கதை எளிமையானது. கடற்படை தீவுக்கு வருகிறது, மாலுமிகள் ஊரோடு நன்றாகத்தான் பழகுகிறார்கள், மக்களை வெளியேற்றும் வேலை நடக்கிறது. குடித்த ஒருவன் ஒரு மீனவனின் மனைவி மேல் கை வைக்கிறான். மீனவன் அவனைக் கொன்றுவிடுகிறான். என்ன ஆகுமோ என்ற பயத்தில் கணவனும் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஒளிந்துகொள்ள, கப்பல்கள் போய்விடுகின்றன. அப்புறம் குண்டு. பெற்றோர் சாகிறார்கள், குழந்தை தனியாக மிஞ்சுகிறது.

இப்போது மரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பலர் இதை வெறும் "கறுப்பு வெள்ளைப் படம்" என்று தாண்டிவிடுகிறார்கள். நான் கல்லூரியில் அச்சுக்கலை படித்தபோது ஒரே ஒரு கட்டையைச் செதுக்கி முடிக்க மூன்று வாரம் ஆனது, உள்ளங்கை அளவுதான் இருக்கும். மரத்தைப் பலகையாக நீளவாக்கில் அறுத்துச் செதுக்குவது ஒரு வகை, அதில் தடித்த கோடுகள் வரும், நம் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் உருட்டிய கண்ணோடு ராஜாவும் ராணியும் நிற்பார்களே, அந்த மாதிரித் தோற்றம். ஹைட் செய்தது இன்னொரு வகை. வைரம் பாய்ந்த மரத்தைக் குறுக்கே அறுத்து, வளையம் தெரிகிற முகத்தைக் கண்ணாடி போல இழைத்து, அதில் செதுக்குவது. மரநார் குறுக்கே நிற்காததால் எந்தத் திசையிலும் மயிரிழைக் கோடு போடலாம். உளியின் பிடி காளான் மாதிரி உருண்டையாக உள்ளங்கையில் அடங்கும், தட்டுவதில்லை, தள்ளுவதுதான். கட்டையின் கீழே மணல் அடைத்த தோல் மெத்தை ஒன்று இருக்கும். வளைந்த கோடு வேண்டுமென்றால் உளியைத் திருப்பக் கூடாது, இடது கையால் கட்டையைத்தான் மெத்தைமேல் மெதுவாகச் சுழற்ற வேண்டும். உளி நின்ற இடத்தில் நிற்கும், மரம் அதன் அடியில் திரும்பும், நூல் போன்ற ஒரு சுருள் எழுந்து விழும். அலை, புகை, பனையோலை என்று அந்தப் புத்தகம் முழுக்க வளைகோடுகள் சுழல்வதைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது அந்த இடது கைதான்.

தவறினால் அழிக்க முடியாது என்பதும் உண்டு. அந்த இடத்தைத் துளைத்து, புதிதாக ஒரு மரத்துண்டு செருகி, மறுபடி இழைத்துச் செதுக்க வேண்டும்.

முக்கியமான விஷயம் இது. தொடாத கட்டையில் மை தடவி அச்சிட்டால் முழுக் கறுப்பு. செதுக்கிய இடம் மட்டும் வெள்ளையாக விழும். அதாவது இருட்டிலிருந்து வெளிச்சத்தைத் தோண்டி எடுக்கிற வேலை. இரவு, கடல், காடு எல்லாம் சும்மா கிடைத்துவிடும், ஒரு முகத்தில் ஒளி விழ வேண்டுமென்றால்தான் பாடுபட வேண்டும். அணுகுண்டின் வெண்மையைக் காட்ட வேண்டுமானாலோ அந்த இடத்து மரத்தையே எடுத்துவிட வேண்டும், வெறும் காகிதம்தான் மிஞ்சும். குண்டு வெடிக்கும் பக்கங்களில் உருவங்கள் கரைந்து வெறும் வடிவங்களாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். பேனாவால் வரைந்திருந்தால் எனக்கு அது வெறும் உத்தியாகத் தெரிந்திருக்கும். மரத்தில் அது நடந்த காரியத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது.

சரி, வார்த்தை ஏன் இல்லை? வடிவத்தின் மரபு அப்படி என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. பிகினி மக்களுக்கு நடந்ததைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியான ஒன்று, அவர்களை ஊரைவிட்டு எழுப்பியதே வார்த்தைதான்.

1946 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை. தேவாலயப் பிரார்த்தனை முடிந்து மக்கள் கூடியிருக்கிறார்கள். மார்ஷல் தீவுகளின் இராணுவ ஆளுநர் கொமடோர் பென் வையாட் வந்து பேசுகிறார். மனித குலத்தின் நன்மைக்காகவும் உலகப் போர்களையெல்லாம் முடித்துவைப்பதற்காகவும் உங்கள் தீவைத் தற்காலிகமாக விட்டுத்தருவீர்களா என்று கேட்கிறார். மிஷனரிகள் வழியாக பைபிள் அந்தத் தீவுக்கு எப்போதோ வந்துவிட்டது, அது அவருக்குத் தெரியும், அதனால் எகிப்திலிருந்து கடவுள் வழிநடத்திய இஸ்ரவேல் மக்களோடு இவர்களை ஒப்பிடுகிறார். தலைவர் ஜூடா எழுந்து, எல்லாம் கடவுளின் கையில் இருக்கிறது என்று நம்பிப் போகிறோம் என்கிறார். இதில் வயிற்றெரிச்சலான சங்கதி, சோதனைக்கு பிகினிதான் என்று கடற்படை ஜனவரியிலேயே அறிவித்தாகிவிட்டது. முடிவெடுத்துவிட்டுத்தான் சம்மதம் கேட்டார்கள். அது போதாதென்று, மார்ச்சில் கேமராவைக் கொண்டுவந்து அந்தக் கேள்வியையும் பதிலையும் மறுபடி நடிக்கவைத்து, சரியாக வரும்வரை பலமுறை படம் பிடித்தார்கள். வீட்டைக் காலிசெய்து மூட்டை கட்டிக்கொண்டிருக்கிற மனிதரை நிறுத்திவைத்து, "போகிறோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்திருக்கிறார்கள். மறுநாளோ அதையொட்டியோ, மார்ச் 7 அன்று, 167 பேரும் கப்பலேறினார்கள்.

அந்தப் படச்சுருளில் பேச்சு இருக்கிறது, மொழிபெயர்ப்பு இருக்கிறது, கடவுள் பெயர் இருக்கிறது. ஹைட்டின் 118 படங்களில் அதெல்லாம் கிடையாது. "மனித குலத்தின் நன்மை" என்ற சொற்றொடரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன தெரியும்? படகிலிருந்து இறங்கும் ஆட்கள், ஏற்றப்படும் ஆட்கள், கைகள், முகங்கள், அப்புறம் நெருப்பு. ஹைட் இதை யோசித்துத்தான் செய்தாரா என்பதைவிட, வாசிக்கிற நமக்கு வார்த்தை இல்லாததால் ஏமாற வழியில்லாமல் போகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கொண்டுபோய் விட்ட இடம் ரோங்கெரிக். கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர். யாரும் குடியிருக்காத இடம், கெட்ட ஆவிகள் உலவும் இடம் என்று அவர்களே ஒதுக்கிவைத்திருந்தது. நிலம் பிகினியில் ஆறில் ஒரு பங்கு. தென்னை போதவில்லை, காயலில் பிடித்த மீன் சிலது விஷம். ஜூலை 1 அன்று விமானத்திலிருந்து போட்ட முதல் குண்டு, ஜூலை 25 அன்று தண்ணீருக்கடியில் சுமார் 27 மீட்டர் ஆழத்தில் இரண்டாவது, ஒவ்வொன்றும் 23 கிலோடன், அதாவது 23 ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் பலம். காயலில் தொண்ணூறுக்கு மேல் பழைய போர்க்கப்பல்களை இலக்காக நிறுத்தி, அவற்றில் பன்றி, ஆடு, எலிகளைக் கட்டிவைத்திருந்தார்கள். இரண்டாவது குண்டு கிளப்பிய கதிரியக்க நீர் கப்பல்கள் மேலேயே பொழிந்து, மாலுமிகள் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகாமல், மூன்றாவது சோதனையையே ரத்துசெய்தார்கள். ரோங்கெரிக்கில் இருந்தவர்களோ 1948 தொடக்கத்தில் பட்டினியின் விளிம்பில் இருந்தார்கள். அங்கிருந்து குவாஜலினில் விமான ஓடுதளம் பக்கத்தில் கூடாரம். அந்த நவம்பரில் கிலி என்ற தீவு.

கிலி ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஒற்றைத் தீவு, அதற்குக் காயலே கிடையாது. கடற்கரையில் வாழ்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். பிகினியில் 23 தீவுகளும் நடுவில் அமைதியான பெரிய காயலும் இருந்தன, எந்த நாளும் படகு இறக்கலாம். கிலியைச் சுற்றி நேராகப் பெருங்கடல், வருடத்தில் பல மாதம் படகு கரையைவிட்டு நகர முடியாது. தலைமுறை தலைமுறையாகப் படகு கட்டியவர்களைக் கரையில் உட்காரவைத்து, டப்பா உணவுக்குக் கையேந்த வைத்தது அந்த இடம். ஹைட் செதுக்கத் தொடங்கியதும் அதே 1948-ல்தான்.

புத்தகத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். குடும்பம் தீவில் மாட்டிக்கொள்ளக் காரணமாக ஒரு குடிகார மாலுமியைக் கொண்டுவந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கெட்டவன் வந்ததால்தான் எல்லாம் ஆனது என்ற எண்ணத்துக்கு அது இடம் கொடுத்துவிடுகிறது. நிஜத்தில் கெட்டவன் யாரும் தேவைப்படவில்லை. பைபிள் உவமையோடு மரியாதையாகப் பேசிய ஓர் அதிகாரி போதுமாக இருந்தார். இன்னொன்று, ஹைட் வரைந்தது பாலினேசியத் தீவு, புத்தகத்தின் துணைத்தலைப்பும் தென்கடல் நாவல் என்றுதான் இருக்கும். மார்ஷல் மக்கள் மைக்ரோனேசியர்கள், வேறு மொழி, வேறு வழக்கம். கனடாவில் உட்கார்ந்து கோபத்தோடு செதுக்கியவரை இதற்காகக் குறைசொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

அந்தத் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சதர்ன் கிராஸ் என்கிற அந்த நான்கு நட்சத்திரத்தை நாம் திரிசங்கு என்போம். பிகினி பூமத்திய ரேகைக்கு வடக்கே, ஏறக்குறைய நம் சிதம்பரமும் கடலூரும் இருக்கிற அதே அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை, வைகாசி இரவில் கடலூர்க் கரையில் நின்று தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே பார்த்தால் அந்த மக்கள் பார்த்த அதே உயரத்தில்தான் அது தெரியும். மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் நடுவில் தொங்கவிடப்பட்டவன் திரிசங்கு. ஹைட்டுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வழியில்லை, எனக்கோ அந்தத் தலைப்பை வேறு மாதிரி வாசிக்கவே முடிவதில்லை.

இனி, அந்தக் கற்பனை நிஜத்தைத் தொட்ட இடம். புத்தகம் வந்து மூன்று வருடத்தில், 1954 மார்ச் 1 அதிகாலை, பிகினியில் ‘பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டு. ஐந்தாறு மெகாடன் என்று கணக்குப் போட்டார்கள் (ஒரு மெகாடன் ஆயிரம் கிலோடன்), வெடித்தது 15. கிழக்கே நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ரோங்கெலாப் தீவில் அன்று ஜனங்கள் இருந்தார்கள், அவர்களை யாரும் வெளியேற்றவில்லை. மேற்கில் சூரியன் உதித்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். சில மணி நேரம் கழித்து வானத்திலிருந்து வெள்ளைத் தூள் விழ ஆரம்பித்தது. பொடியாகிப்போன பவளப்பாறைதான் அது, கதிரியக்கத்தோடு. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். கூரையில் விழுந்தது, மழைநீர்த் தொட்டியில் விழுந்தது, சாப்பாட்டில் விழுந்தது. இரவுக்குள் வாந்தி, தோல் எரிச்சல், பின் நாட்களில் புண், முடி கொட்டுதல். இரண்டு நாள் கழித்துத்தான் கப்பல் வந்தது. அந்தத் தீவில் மட்டும் 64 பேர். அதே சாம்பல் 23 பேர் இருந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேலும் விழுந்தது, அதன் ரேடியோ ஆபரேட்டர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்தார். வருடங்கள் போனபின் ரோங்கெலாப்பில் சிறுவயதில் சாம்பல் பட்டவர்களில் பலருக்குத் தைராய்டு கட்டிகள்.

1957-ல் அவர்களைத் திரும்ப அதே தீவில் குடியேற்றினார்கள். அதற்கு முந்தைய வருடம் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் ஆலோசனைக் கூட்டம் ஒன்றில், இவர்கள் நாகரிகமடைந்தவர்களைப் போல வாழ்கிறவர்கள் இல்லை என்றாலும் எலிகளைவிட நமக்கு நெருக்கமானவர்கள்தான் என்று ஓர் அதிகாரி பேசியது பதிவில் இருக்கிறது. இந்த வரியை முதல்முறை படித்த அன்று என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

ஒரு குண்டு, ஒரு தீவு, ஒரு குழந்தை என்று புத்தகம் முடிந்துவிடுகிறது. மார்ஷல் தீவுகளில் 1958 வரை 67 சோதனைகள் நடந்தன, அதில் பிகினியில் மட்டும் 23. சோதனை நின்ற பிறகும் அவர்கள் துன்பம் ஓயவில்லை. பத்திரம் என்று சொல்லி 1970-களில் சில பிகினிக் குடும்பங்களை ஊருக்குத் திரும்ப அனுப்பினார்கள். பவள மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு, அதனால் தென்னை அதே குணமுள்ள கதிரியக்கச் சீசியத்தைப் பொட்டாசியம் என்றே எண்ணி உறிஞ்சி இளநீரிலும் தேங்காயிலும் சேர்த்துவிடுகிறது. வீட்டு மரத்துத் தேங்காயைத் தின்றவர்களின் உடம்பில் சீசியம் ஏறி, 1978-ல் மறுபடியும் வெளியேற்றினார்கள். பிகினியின் கொடியில் மூன்று கறுப்பு நட்சத்திரங்கள் தனியாக இருக்கும், பிராவோ இல்லாமல் ஆக்கிய மூன்று தீவுகளுக்காக. கீழே இன்னும் இரண்டு கறுப்பு நட்சத்திரங்கள், இப்போது அவர்கள் வாழும் கிலிக்கும் எஜிட்டுக்கும். ஜூடா சொன்ன அந்த வாக்கியமும் கொடியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நமக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். பிராவோவுக்கு அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் சோதனைகளை நிறுத்திவைக்கக் கேட்டவர் நேரு. 1962-ல் எண்பது வயதைத் தாண்டிய ராஜாஜி வாஷிங்டன் போய் கென்னடியிடம் அதையே கேட்டார். பிறகு நாமும் குண்டு வைத்திருக்கும் நாடாகிவிட்டோம், 2014-ல் மார்ஷல் தீவுகள் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனபோது குறிப்பிட்ட ஒன்பது நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அணு ஆயுதக் குறைப்புப் பேச்சைத் தொடங்குங்கள் என்பதுதான் கோரிக்கை. 2016-ல், விஷயத்துக்குள்ளேயே போகாமல், விசாரிக்க அதிகாரம் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

கடைசிக் கேள்வி, பத்து வயதுப் பையன். படப் புத்தகம் என்பதால் இது சிறுவர் புத்தகம் ஆகிவிடாது. அந்தப் பெண்ணை மாலுமி பிடிக்கிற பக்கங்களும் கொலையும் பத்து வயதுக்கு அதிகம் என்பது என் எண்ணம், இன்னும் இரண்டு மூன்று வருடம் பொறுக்கலாம். 2007-ல் மறுபதிப்பு வந்திருக்கிறது, தேடினால் அகப்படும். கொடுக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள், பசிபிக் வரைபடம் ஒன்றை விரித்துவையுங்கள், பிகினி, ரோங்கெரிக், ரோங்கெலாப், கிலி நான்கையும் வட்டமிட்டு. ஆனால் படங்களுக்கு நீங்கள் கதை சொல்லாதீர்கள். பக்கத்தை அவன் திருப்பட்டும், என்ன நடக்கிறது என்று அவன் சொல்லட்டும்.